பப்புனாவின் தவக்காலக் கபாப்

திபிலிசி அரண்மனைச் சமையல்காரன் பப்புனாவுக்குப் பயம் அதிகம், நாக்கும் நீளம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன பாடு என்பது அவன் மனைவி மரேகிக்குத்தான் தெரியும். தச்சன் மகன்; உளி பிடிக்கச் சோம்பல்பட்டு அடுப்படிக்குள் நுழைந்தவன், பிறகு வெளியே வரவே இல்லை. அதற்குள் மூன்று அரசர்கள் வந்துபோய்விட்டார்கள். “ராஜா மாறலாம், வெங்காயம் மாறாது” என்பான்.

இப்போதைய அரசருக்கு இரண்டு பெயர். ஒன்று ஞானஸ்நானத்தில் வைத்தது. இன்னொன்று, இஸ்பஹானில் பாரசீக ஷாவின் முன்னால் மதம் மாறி, சிம்மாசனத்தோடு சேர்த்து வாங்கிவந்தது. வெளியே தொழுகை, உள்ளே சிலுவை. ஊருக்கே தெரிந்த ரகசியம். ஷாவுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஷாவின் தூதர் பரீதூன் பேக் சரியாக, கிறிஸ்தவர்கள் இறைச்சி தொடாத தவக்காலத்தில் வந்து இறங்கினார். விருந்தில் அவர் முன்னால் அரசர் இறைச்சி தின்றாக வேண்டும். தின்னாவிட்டால் சிம்மாசனம் போகும். தின்றால் அரசி வீட்டுக்குள் சேர்க்க மாட்டாள். அரசர் சமையலறைக்கே வந்துவிட்டார்.

“பப்புனா, ஆட்டுக்கறி மாதிரி இருக்கணும். ஆடு இருக்கக் கூடாது.”

“ஆகட்டும் ராஜா. மாட்டிக்கிட்டா?”

“எனக்குச் சிம்மாசனம் போயிடும்.”

“எனக்கு?”

அரசர் அவன் கழுத்தைப் பார்த்தார்.

அவித்த அவரையும் அக்ரூட்டும் சேர்த்து இடித்து, பூண்டும் கொத்தமல்லியும் போட்டு, வட்டமாகத் தட்டிக் கரியில் சுட்டான் பப்புனா. வாசனைக்காகப் பக்கத்து அடுப்பில் ஆட்டுக்கொழுப்பை எரித்தான். மோந்து பார்த்தால் தவம் கெடாது என்பது அவன் கட்சி.

தட்டு உள்ளே போன பிறகுதான், அடுப்படியில் கூடமாட இருந்த மரேகி கேட்டாள். “ஏங்க, மாதுளை முத்து வச்சா அனுப்புனீங்க?”

பப்புனா தன் கட்டைவிரலைப் பார்த்தான். தவக்காலத்து அக்ரூட் உருண்டையில் கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தி மாதுளை முத்து வைக்காத வீடு இந்த நாட்டில் கிடையாது. இறைச்சியில் யாரும் அப்படி வைப்பதில்லை. பழகின கை, கேட்காமலே வைத்துவிட்டது.

“இனி உங்களுக்கு வெங்காயமும் மாறிடும்” என்றாள் மரேகி.

கதவிடுக்கு வழியாகப் பார்த்தான். அரசர் எலும்பு தேடுகிறவர் மாதிரி நடித்து நடித்துத் தின்றுகொண்டிருந்தார். தூதரோ கையில் எடுத்ததை வாயில் வைக்காமல் மாதுளை முத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தின்றார். இன்னொன்றும் தின்றார். சமைத்தவனைக் கூப்பிடச் சொன்னார்.

பப்புனா நடந்தானா தவழ்ந்தானா என்று அவனுக்கே நினைவில்லை. குனியச் சொல்லிச் சைகை காட்டிய தூதர், அவன் காதோரம், பாரசீகத்தில் அல்ல, இந்த நாட்டின் கிழக்குச் சீமையான கக்கேத்தியின் சுத்தமான நாட்டுப்புறப் பேச்சில் கேட்டார்.

“எந்த ஊரு ஆடுப்பா இது?”

“நம்ம... நம்ம ஊரு ஆடுதான், எசமான்.”

“எங்கம்மாவும் இந்த ஆட்டத்தான் அடிப்பா. பூண்டு மட்டும் இவ்வளவு போட மாட்டா. ஷாவோட படை என்னைப் பிடிச்சுட்டுப் போனப்ப எனக்குப் பால்பல்லுகூட விழல.”

பப்புனாவின் நாக்கு அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை. “அங்க இது கிடைக்காதா எசமான்?”

“அங்க நெஜ ஆடுதான்” என்றார் தூதர். பிறகு நிமிர்ந்து, சபை கேட்கப் பாரசீகத்தில், “அருமையான ஆட்டுக்கறி” என்றார். அரசர் அப்போதுதான் மூச்சு விட்டார்.

அதன்பின் எந்த வருஷமும் பரீதூன் பேக் தவக்காலம் தவறி வந்ததில்லை. “என்னப்பா, பூண்டு கம்மி” என்று அரசர் முனகுவார். “ஆடு இளைச்சுப்போச்சு ராஜா” என்பான் பப்புனா.

ஒரு வருஷம் வேறொரு தூதர் வந்தார். பழையவர் மாரடைப்பில் போய்விட்டாராம். அன்று வீட்டில் பப்புனா, செத்தவர்களுக்குப் பெயர் சொல்லிச் செய்கிறபடி ரொட்டியை எடுத்து ஒயின் கிண்ணத்தைச் சாய்க்கப் போனவன், அப்படியே நின்றான். தூதருக்கு அவருடைய அம்மா வைத்த பெயர் இவனுக்குத் தெரியாது. பரீதூன் என்று சொல்ல மனம் வரவில்லை.

“என்னன்னு சொல்றது?” என்றான்.

“அவங்கம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க” என்றாள் மரேகி.

“பூண்டு கம்மியாத் தின்னு வளர்ந்த பிள்ளைக்கு” என்று சொல்லி, ரொட்டியில் ஒயினை ஊற்றினான்.