மணல் மூடிய ஊருக்கு இரண்டு எம்.பி.

1. தூக்கு, வாசிக்காதே

லண்டனில் ஒரு பழைய ஆவணக் காப்பகத்தில் ஸ்டோர் போர்ட்டராகச் சேர்ந்த முதல் நாள், சூப்பர்வைசர் எனக்குச் சொன்ன பாடம் ஒன்றுதான்: "பெட்டியைத் தூக்கு, ட்ராலியில வை, ரீடிங் ரூமில குடு. வாசிக்காதே." நான் இலங்கையில் ஓ.எல். சோதனையோடு படிப்பை விட்டவன். வாசிக்காதே என்று சொல்லிச் சம்பளமும் தந்தால் யார் வேண்டாம் என்பார்? முருகனைக் கும்பிட்டு ஒப்புக்கொண்டேன்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். மோரா என்ற ஐரிஷ் அம்மா ஒருவர் அடிக்கடி வருவார். ஓய்வுபெற்ற டீச்சர். வெக்ஸ்போர்டு கடற்கரையில் பன்னோ என்று அவருடைய ஊர். அது இருநூறு வருடத்துக்கு முன்பு ஒரு தேர்தல் தொகுதியாக இருந்த கதையை எழுதிக்கொண்டிருந்தார். பழைய தாள் சுருளாமலிருக்க, ஈயம் வைத்துத் தைத்த நீளப் பட்டி ஒன்றை மேலே வைப்போம். அதற்கு எங்களிடம் 'பாம்பு' என்று பெயர். ஒருநாள் பாம்போடு போனபோது அவர் தனியே சிரித்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷில் சொன்னதை எங்கள் பேச்சில் தருகிறேன்.

"நடேசன், எங்கட ஊரை மணல் மூடிப்போட்டுது. ஆனா டப்ளின் பார்லிமெண்டுக்கு ரெண்டு எம்.பி. போய்க்கொண்டே இருந்தவை!"

"ஆளில்லாத ஊரில ஆர் வோட்டுப் போட்டது?"

"ஊர்ச்சபை எண்டு கொஞ்சப்பேர். எல்லாம் நிலச்சொந்தக்காரன்ர மச்சான், மருமகன், குடியிருக்கிறவன். மணலுக்கு மேல ஒரு வீட்டுப் புகைபோக்கி, அந்தச் சிம்னிதான் தெரிஞ்சதாம். அதைச் சுத்தி நிண்டு அவன் சொன்ன ஆளைத் தெரிவு செய்வினமாம்."

நானும் சிரித்தேன். லிஃப்ட் கதவு மூடியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

2. ஏழு கை

மேற்கு லண்டனில் எங்கள் சின்ன முருகன் கோயில் நிர்வாக சபையில் ஏழு பேர். தலைவர், அவருடைய இரண்டு மச்சான்மார், மருமகன், சம்பந்தி, அவர் கடை மனேஜர், தலைவரின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த நான். முருகனுக்குப் பன்னிரண்டு கை. தலைவருக்கு ஏழுதான்; ஆனால் ஏழும் ஒன்றாய் எழும்பும்.

தலைவரின் கார் வந்து சேராமல் தீபாராதனை காட்டக்கூடாது என்பது எழுதாத சட்டம். அந்தத் தைப்பூசத்தில் கார் ட்ராஃபிக்கில் நின்றது. "சுவாமியைக் காக்க வைக்கேலாது" என்று பூசை செய்யும் ஐயர் மணியை அடித்துத் தீபம் காட்டிவிட்டார்.

அடுத்த ஞாயிறு சபை கூடியது. ஐயரின் விசாவை நீட்டக் கோயில்தான் கடிதம் கொடுக்க வேண்டும். அவருடைய மகள் ஜி.சி.எஸ்.ஈ. சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தலைக்கனம். விசா நீட்டத் தேவையில்லை. கையைத் தூக்குங்கோ" என்றார் தலைவர்.

ஆறு கை எழும்பின. எனக்கு அந்தச் சிம்னிதான் கண்ணில் நின்றது.

"என்ன நடேசன், கை நோகுதோ?"

"பெட்டி தூக்கிற கை அண்ணை, நோகாது. இதை மட்டும் தூக்கேலாமல் கிடக்கு."

"ஆரின்ர வீட்டில இருக்கிறாய் எண்டு நினைவிருக்கோ?"

"உங்கட வீட்டிலதான். ஆனா இது முருகன்ர வீடு. இஞ்ச எல்லாரும் குடியிருக்கிற ஆக்கள்தான்."

சின்ன மச்சான் மெல்ல வாயைத் திறந்தார். "அத்தான், ஐயர் போனா நாளைக்குப் பூசை ஆர் செய்யிறது? நீங்களோ?" சம்பந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடை மனேஜர் தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். மற்றக் கைகளும் மெல்ல இறங்கின. எண்ணிப் பார்க்க ஒரு கையும் மிஞ்சவில்லை.

"அப்ப எனக்குத் தலைவர் பதவி வேண்டாம்!" என்று எழும்பியவர், வாசலில் நின்று திரும்பினார். "ஆனா திருவிழாவில முதல் காளாஞ்சி எப்பவும் எனக்குத்தான் தர வேணும்."

சுவாமிக்குப் படைத்த வெற்றிலை, பாக்கு, பழத்தைத் தட்டில் வைத்து முதலில் தரும் மரியாதை அது. ஓம் என்றோம்.

3. நட்டஈடு

மோரா இதைக் கேட்டு ரீடிங் ரூமே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். "எங்கட தொகுதியைக் கலைச்ச நேரம் அரசாங்கக்காரர் என்ன செய்தவங்கள் தெரியுமோ? எம்.பி. அனுப்புற உரிமை போச்சுதெண்டு நிலச்சொந்தக்காரருக்கு நட்டஈடு குடுத்தவங்கள்!"

அந்த மாதமே எனக்கு வீடு போனது. ஹவுன்ஸ்லோவில் ஒரு சின்ன பிளாட். தலைக்கு மேலே பிளேன். நட்டஈடு கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஐயருக்கு விசா நீண்டது; அவருடைய மகள் சோதனை எழுதி நன்றாகப் பாஸ் பண்ணினாள்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: சொன்ன பெட்டியைத் தூக்குங்கள். சொன்னதற்கெல்லாம் கையைத் தூக்காதீர்கள்.

முதல் காளாஞ்சி இன்றும் அந்தப் பழைய தலைவருக்குத்தான். கார் பிந்தினால் காளாஞ்சி தட்டில் காத்திருக்கும். முருகன் காத்திருப்பதில்லை.