பட்டியலில் வராத பெட்டி

என் தங்கை ஆறு வருடமாக ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவில் ஒப்பந்த ஊழியர். அதே கட்டடத்தில் நான் லிஃப்ட் மெக்கானிக். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். அவள் படித்து, சர்வர் அறையின் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதைப் பார்க்கவே சில நாள் அவள் பிரிவு இருக்கும் மூன்றாவது மாடியில் வேலையை வைத்துக்கொள்வேன்.

பிரிவில் அவளுக்குப் பட்டப்பெயர் 'ரெண்டுதடவை'. எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் விடமாட்டாள்.

இந்த வருடம் அவளை நிரந்தரமாக்கும் கோப்பு பிரிவுத் தலைவரின் மேசைக்கு வந்தது. அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்த வாரமே ஒரு வேலையும் கொடுத்தார். சர்வரில் புதிய கன்டெய்னர் மென்பொருளை நிறுவ வேண்டும்.

"சொதப்பாம முடிச்சுக் குடும்மா. அன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாராம்.

வீட்டில் சாப்பாட்டு மேசையை ஒதுக்கிவிட்டு வேலை வரிசையை நோட்டில் எழுதினாள். ஏழு பக்கம்.

"கன்டெய்னர்னா என்ன? கப்பல்ல வருமே, அதா?" என்று கேட்டேன்.

"அதே கதைதாண்ணா. ஒவ்வொரு புரோகிராமையும் அதுக்கு வேண்டிய சாமானோட ஒரு பெட்டியில போட்டு மூடிடறது. ஒண்ணு இன்னொண்ணுல கை வைக்காது."

"அப்ப ஏழு பக்கம் எதுக்கு?"

"பெட்டியைத் தூக்கற கிரேன் ஏற்கெனவே ஒண்ணு அந்த சர்வர்ல இருக்கு. ரெண்டும் ஒத்துப்போகாது. பழசைக் கழட்டிட்டுத்தான் புதுசு."

கழற்றுவதற்கு முன் பழையதில் எந்தப் பெட்டியாவது ஓடுகிறதா என்று பட்டியல் கேட்டுப் பார்த்தாள். காலி. சர்வரின் நிர்வாகிக் கணக்கில் நுழைந்து மறுபடியும் கேட்டாள். அதிலும் காலி. அதற்கு மேலும் மனம் ஆறாமல் தலைவருக்குப் போன் போட்டாள்.

"சார், பழசுல ஏதாவது ஓடுதா?"

"ஒண்ணும் இல்ல, தூக்கிப் போடு. இதுக்கெல்லாமா போன் பண்ணுவ?"

பேசிய நேரத்தை நோட்டில் குறித்தாள்: பதினொன்று பத்து.

பழையதை நீக்கினாள். புதிய மென்பொருளை இறக்கிக்கொள்ளும் களஞ்சியத்தின் முகவரியைச் சேர்த்தாள், நிறுவினாள், ஓடவிட்டாள், சர்வர் எழும்போது தானாக எழும்படியும் செய்தாள். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு டீ குடிக்கப் போயிருப்பார்கள். இவள் ரெண்டுதடவை ஆயிற்றே. தானாக எழுகிறதா என்று பார்க்க, அனுமதி வாங்கி சர்வரை ஒரு முறை அணைத்து எழுப்பினாள்.

புதியது எழுந்தது. கீழே வெளிநோயாளிக் கூடத்தில் டோக்கன் எண் காட்டும் திரைகள் எழவில்லை.

நான் அப்போது அந்தக் கூடத்து லிஃப்டில்தான் இருந்தேன். முந்நூறு பேர் கறுத்த திரையைப் பார்த்து நின்றார்கள். "என் நம்பர் போயிடுச்சா, இன்னும் வரலையா?" என்று ஒரு பெரியவர் என் சட்டையைப் பிடித்துக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

நடந்தது இதுதான். டோக்கன் புரோகிராம் பழைய மென்பொருளில் ஒரு பெட்டியாக ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓடவிட்டவர் தன் சொந்தக் கணக்கில் ஓடவிட்டிருந்தார். அப்படி ஓடுவது அந்தக் கணக்கில் நுழைந்து கேட்டால்தான் பட்டியலில் வரும். நிர்வாகி கேட்டாலும் வராது. அந்தக் கணக்கு பிரிவுத் தலைவருடையது. இரண்டு வருடத்துக்கு முன் தற்காலிகமாக என்று போட்டு, மறந்தே போயிருந்தார். கிரேனைக் கழற்றிய பிறகும் ஏற்கெனவே ஓடிய பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது; சர்வரை அணைத்ததும் நின்றது, மறுபடி தூக்கக் கிரேன் இல்லை.

தங்கை புதியதைக் கழற்றிப் பழையதை ஏற்றினாள். நாற்பது நிமிடத்தில் திரைகள் எழுந்தன.

மறுநாள் விசாரணை. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் முன் அவள் தலைவருடைய கணக்கின் பெயரைச் சொன்னாள்.

"என் பேர்ல இருந்தா என்ன? நீக்கினது யாரு? கேக்காம நீக்கலாமா?" என்றார் தலைவர்.

"கேட்டேன் சார். பதினொன்னு பத்துக்கு."

"எழுத்துல இருக்கா?"

நோட்டை நீட்டினாள்.

"இது நீயே எழுதிக்கிட்டதும்மா."

கண்காணிப்பாளர் நோட்டைத் தொடவில்லை. சர்வரின் பதிவில் நீக்கியவர் பெயர் இருக்கிறது, அது போதும் என்றார்.

"அங்கயே நாலு வார்த்தை நல்லாக் கேட்டிருக்க வேண்டியதுதானே?" என்று வீட்டில் கத்தினேன்.

"கேட்டா இருக்கற வேலையும் போகும்ணா. நீ சோறு போடுவ, சரி. சர்வர் குடுப்பியா?"

நிரந்தரக் கோப்பு திரும்பிப் போனது. ஒப்பந்தம் மட்டும் மூன்று மாதம் நீண்டது, ஏனென்றால் இன்னும் பதினொரு சர்வர்கள் பாக்கி. அவளுடைய ஏழு பக்கத்தைத் தட்டச்சு செய்து மருத்துவமனையின் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினார்கள். 'எல்லாக் கணக்குகளிலும் நுழைந்து பார்க்கவும்' என்று அவள் புதிதாகச் சேர்த்த வரியும் அதில் இருக்கிறது. தயாரித்தவர் என்ற இடத்தில் பிரிவுத் தலைவரின் பெயர்.

அந்த முதல் சர்வரோடு சேர்த்துப் பன்னிரண்டையும் முடித்தாள். ஒரு திரைகூட அணையவில்லை. முடித்த அன்று தலைவரின் அறைக்குப் போய்க் கோப்பைப் பற்றிக் கேட்டாள்.

"எனக்கும் ஆசைதாம்மா. ஆனா அந்தச் சம்பவம் ரெக்கார்டுல இருக்கே" என்றாராம்.

இருக்கிறது. அந்தப் பெட்டியை யார் போட்டார்கள், எந்தத் தேதியில் போட்டார்கள் என்பதும் அதே ரெக்கார்டில்தான் இருக்கிறது. அதையும் படித்துப் பார்த்தவள் அந்தக் கட்டடத்தில் என் தங்கை ஒருத்திதான்.