பார்வையாளர் நேரமும் பதினாறு மணி நேரமும்

1. திங்கட்கிழமை, எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்தேன். வென்டிலேட்டரில் இருப்பவரைக் குப்புறப் படுக்க வைப்பது பற்றி அவர்களுக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறார்கள் என்பது என் ஆய்வு.

2. புதன்கிழமை தாள்கள் திரும்பின. எவ்வளவு நேரம் குப்புற வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு எல்லோரும் பதினாறு மணி நேரம் என்று சரியாக எழுதியிருந்தார்கள்.

3. வியாழக்கிழமை ஐந்தாம் படுக்கையின் குறிப்பேட்டைப் புரட்டினேன். காலை எட்டுக்குக் குப்புற. மாலை நான்கரைக்கு மல்லாக்க. கடந்த மூன்று நாளும் அப்படியே.

4. பார்வையாளர் நேரம் ஐந்து மணி.

நான் சுவாச சிகிச்சையாளர். ஐந்தாம் படுக்கையில் இருந்தவர் திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்து மீனவர், நிமோனியா. குப்புற இருக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும். மல்லாக்கப் போட்டதும் இறங்கும். அவரைப் புரட்ட ஐந்து பேர் வேண்டும். மாலைக்குப் பிறகு அத்தனை பேர் கிடையாது, மறுபடி குப்புறப் போடுவது காலையில்தான்.

மூத்த செவிலியரிடம் கேட்டேன். ராயபுரத்துக்காரர்.

"அக்கா, பதினாறுன்னு எழுதிட்டு எட்டரை மணி நேரத்துலயே திருப்பிடுறீங்களே?"

"எழுதுறது பேப்பர்ல கண்ணு. மொத நாளு அவரு சம்சாரம் பாத்துட்டு இன்னா சொல்லிச்சு தெரியுமா? கடல்ல செத்தவன்தான் இப்டி கவுந்து மெதப்பான்னு. அரை மணி நேரத்துல கீழ பத்து பேரு சண்டைக்கு நின்னாங்க. நீயா வந்து நின்ன? உன் பேப்பர்ல அதுக்கு கேள்வி கீதா?"

இல்லை. முப்பது கேள்விகளில் உறவினர் என்ற சொல்லே இல்லை.

"படிச்ச பொண்ணு, நீயே போய் பேசு" என்று மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் சொல்லி, நான்கரைக்குத் திருப்ப வேண்டாம் என்று நிறுத்தினோம். கதவுக்கு வெளியே காத்திருந்த அந்த அம்மாவிடம் போனேன். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்ததில் எனக்குக் கால் வலித்தது. பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்று குப்புறத்தான் இருப்பார் என்றேன்.

"ஏம்மா, நேத்து வரைக்கும் நல்லாத்தான படுத்துகினு இருந்தாரு?"

"நீங்க வர்ற நேரத்துக்கு மட்டும் திருப்பி வெச்சோம்மா. திருப்பினா மூச்சு கொறையுது."

முந்தானையை இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் வந்துதான் அவருக்கு மூச்சு எறங்குச்சா?"

"உங்ககிட்ட சொல்லாம திருப்பினது நாங்கதான்" என்றேன்.

"மூஞ்சியாவது தெரியுமா?"

"ஒரு பக்கமா சாய்ச்சு வெச்சிருக்கோம். குனிஞ்சா தெரியும்."

உள்ளே வந்து கட்டிலருகே முட்டி போட்டார். குப்புறக் கிடந்தவரின் முகம் வீங்கியிருந்தது, அது வடிந்துவிடும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"யோவ், போட்டுல தூங்குற மாதிரியே தூங்குற. தூங்கு" என்றார். மூத்த செவிலியர் குளுக்கோஸ் பாட்டிலைச் சரிபார்ப்பதுபோல் நின்றிருந்தார்.

பதினாறு மணி நேரம் முடிந்து, நள்ளிரவில் மீனவரை மல்லாக்கத் திருப்ப நான்கு பேர்தான் இருந்தார்கள். ஐந்தாவது ஆளாக நான் தங்கினேன். விடிந்ததும் ரயில் பிடித்து வீட்டுக்குப் போய், சாப்பிடாமல் படுத்தேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. அவர் இன்னும் வென்டிலேட்டரில்தான் இருக்கிறார். கொஞ்சம் தேறியதால் ஆக்சிஜனைச் சிறிது குறைத்திருக்கிறோம். அவர் மனைவி ஐந்து மணிக்கு வந்து முட்டி போட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார். கேள்வித்தாளில் முப்பத்தொன்றாவதாக, உறவினரிடம் என்ன சொல்வீர்கள் என்ற கேள்வியைச் சேர்த்திருக்கிறேன். ஏழாம் படுக்கையில் புதிதாக ஒருவரைக் குப்புற வைத்தோம். அவர் வீட்டாரிடம் இன்னும் யாரும் பேசவில்லை. அவரை இன்று நான்கரைக்குத் திருப்பிவிட்டார்கள்.