பழுத்தாலும் பச்சை மாறாத மாமரம்

என் அண்ணிக்கு எங்கள் தெருவில் ‘மோப்பக்காரி’ என்று பெயர். தோட்டக்கலை அலுவலகத்துக்காக வீடு வீடாகப் போய்ப் பழமரங்களைக் கணக்கெடுப்பது அவர் வேலை. மரத்தைக் கண்டதும் ஓர் இலையைக் கசக்கி முகர்வார். பிறகுதான் வீட்டுக்காரருக்கு வணக்கம். ஏணியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன். பேச்சு முழுவதும் அவருடையது. எனக்கு அது சௌகரியம்.

மூன்று வருடம் அலைந்ததில் பழுத்தாலும் பச்சை மாறாத மாமரம் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. தையல்காரர் வீட்டுக் கொல்லையில் நின்றது. அதன் பழத்திலும் இலையிலும் எலுமிச்சை வாடை அடிக்கும். ஒரு நாள் விடிந்ததும், அவர் அங்கே அறை கட்டப்போகிறார், அன்று காலையே மரத்தை வெட்டுகிறார்கள் என்று சேதி வந்தது. வேறு கன்றில் ஒட்டுக் கட்டக் குச்சி எடுக்காவிட்டால் அந்த வகை அத்தோடு சரி.

அன்று பார்த்து அண்ணிக்கு ஜலதோஷம்.

நாங்கள் போனபோது தையல்காரர் நின்று பார்க்க, ஆட்கள் கிளைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பத்தே நிமிஷம் தம்பி!” என்று கயிறு கட்டியவனிடம் கெஞ்சிய அண்ணி, ஏணியை விரிக்கக்கூட விடாமல், அடியில் கைக்கெட்டிய கிளையிலேயே பத்துக் குச்சிகளை நறுக்கி ஈரத்துணியில் சுற்றினார். இலையைக் கசக்கினார். தும்மல்தான் வந்தது.

“நீங்களாவது மோந்து சொல்லுங்க” என்று தையல்காரரிடம் நீட்டினார்.

“வெட்டப்போற மரத்த மோந்து என்னம்மா ஆகப்போகுது?” என்று சலித்துக்கொண்டே முகர்ந்தவர் முகம் மாறியது. “இது வெறும் தழை வாசனை. எங்க மரம் இப்படி இருக்காதே!”

அண்ணி குனிந்து பார்த்தார். அந்தக் கிளை ஒட்டுத் தழும்புக்குக் கீழே முளைத்தது. எவனோ என்றோ ஒட்டுக்கு அடியாக வைத்த நாட்டுக் கன்றின் கிளை.

“ஐயோ, மூக்குதான் அடைச்சிருந்துச்சு, கண்ணுமா அவிஞ்சுபோச்சு!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

“ரம்பத்தக் கீழ வைங்கப்பா!” என்று கத்திய தையல்காரர், கழுத்தில் தொங்கிய டேப்போடு தானே ஏணியில் ஏறினார். “எவ்வளவு நீளம்?”

“ஒரு சாண்.”

“சாணெல்லாம் நம்ம தொழிலுக்கு ஆகாது. இஞ்சுல சொல்லும்மா!”

“ஒன்பது. பென்சில் கனம்.”

உச்சியில் பத்துக் குச்சிகளையும் அளந்தே வெட்டினார். கீழே நின்ற ஆட்கள், “சட்டைக்குத் துணி எடுக்கிறாரு” என்று சிரித்தார்கள்.

மத்தியானம் மரம் விழுந்தது. ஒட்டுக் கட்டிய குச்சிகளில் ஆறு துளிர்த்தன. அடுத்த மாதம் தையல்காரர் எங்கள் அலுவலக நாற்றுப்பண்ணைக்கு வந்து, “ரூமச் சின்னதாக்கிட்டேன். ஒரு கன்னு குடுங்க” என்றார்.

“வெட்டுனவருக்கே கன்னா? வரிசையில நில்லுங்க” என்றார் அண்ணி.

வரிசையில் அவரைத் தவிர யாரும் இல்லை.