சம்பந்திக்கு ஒரு விலாங்கு

குத்தாலம் பக்கத்து வீரமணிக்கு வயலில் குனிந்தால் முதுகு வலிக்கும். குளத்தில் இறங்கி ஊத்தா குத்தினால் மட்டும் வலிக்காது. அது என்ன மாயமோ, அவர் பார்த்த டாக்டருக்கும் பிடிபடவில்லை.

ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை. கோடையில் குளம் வற்றும்போது, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சேற்றில் ஓங்கிக் குத்த வேண்டும். உள்ளே ஏதாவது முட்டினால் மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் தடவிப் பிடிக்க வேண்டும். தடவுவதில்தான் இருக்கிறது சங்கதி. வழவழவென்றால் மீன். சொரசொரவென்றால் கையை எடுத்துவிட்டு, அவர் போகும்வரை மரியாதையாக ஒதுங்கி நிற்க வேண்டும். தண்ணீரில் நிற்கும்போது பாம்பை வீரமணி ‘அவர்’ என்றுதான் சொல்வார்.

"என் கைக்குக் கண்ணு இருக்குய்யா" என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வார். சும்மா சொல்லக்கூடாது, அவர் கை ஒருநாளும் ஏமாந்ததில்லை. ஏமாந்தது சாக்கு.

மனைவி மலர்க்கொடிக்கு மீன் துள்ளிக்கொண்டே வீடு வர வேண்டும். செத்த மீனைச் சட்டியில் சேர்க்க மாட்டார். அதனால் வீரமணி பிடித்ததையெல்லாம் சாக்கில் போட்டு, பாதி தண்ணீரில் அமிழும்படி கரையோரம் கட்டிவைப்பார். மீன் உயிரோடு கிடக்கும். மீனைத் தேடி வருகிறவர்களும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார்கள். போன வருஷம் அப்படித்தான் ஒரு தண்ணிப்பாம்பு அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. மலர்க்கொடி அரிசி டிரம் மேல் ஏறி நின்று ஊரையே கூட்டிவிட்டார். இறங்கியதும் சொன்னார்:

"இன்னொரு தடவை இந்த வீட்டுக்குப் பாம்பு வந்துச்சுன்னா உங்க ஊத்தா அடுப்புக்குள்ள போயிடும். நம்ம பொண்ணு மேல சத்தியம்."

வீரமணி ஆடிப்போய்விட்டார். அந்த மனுஷனுக்குச் சீட்டு கிடையாது, குடி கிடையாது, அந்தக் கூடை ஒன்றுதான் சந்தோஷம்.

இந்தச் சித்திரையில், மகள் பூமிகாவின் மாமனார் அமிர்தலிங்கம் திருவிடைமருதூரிலிருந்து விருந்துக்கு வந்தார். ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குளத்து மீனைத் தட்டில்தான் பார்த்திருக்கிறார். வீரமணி காலையிலேயே குளத்துக்குப் போய் வந்து, கொல்லைப்புறத்தில் இருந்த அண்டாவில் சாக்கைக் கவிழ்த்தார். விரால்கள் விழுந்தன. பின்னாலேயே ‘அவரும்’ சாவகாசமாக வந்து விழுந்தார்.

வீரமணி பதறிப்போனார். பாம்புக்காக இல்லை, மலர்க்கொடி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்தில் கிடந்த பலகையை எடுத்து மூடினார். அவசரத்தில் வால் வெளியே நின்றுவிட்டது. கூடவே சம்பந்தியும் வந்தார், வாயில் வேப்பங்குச்சியோடு.

"என்னங்க அது வாலு?" என்றார் மலர்க்கொடி. நல்லவேளை, கண்ணாடி போடவில்லை.

"விலாங்கு" என்றார் வீரமணி.

அமிர்தலிங்கம் குச்சியைத் துப்பினார். மலர்க்கொடி உள்ளே போனதும் வீரமணியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தெய்வம் மாதிரி செஞ்சீங்க சம்பந்தி. எனக்கு மூலம். கல்யாணத்துல கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தேனே, மரியாதைக்குன்னா நினைச்சீங்க? விலாங்கு சாப்பிட்டா கேக்குமாம். தலையிலேர்ந்து வாலு வரைக்கும் எனக்கே வச்சிடுங்க."

கண் கலங்கியிருந்தது மனுஷனுக்கு. வீரமணிக்குப் பாவமாக இருந்தது.

"இது சின்னதுங்க, விட்டுடலாம்."

"சின்னதுலதாங்க மருந்து!"

அதற்குள் மலர்க்கொடி அரிவாள்மணையும் சாம்பலுமாக வந்தார். "எல்லாம் காதுல விழுந்துச்சு. நகருங்க, அண்ணனுக்குன்னா நானே ஆயறேன்" என்று குனிந்து, பலகைக்கு அடியில் கையை விடப் போனார்.

வீரமணிக்கு ஊத்தா மறந்துபோயிற்று. "கைய விடாத மலரு! அது பாம்பு!"

பலகை விழுந்தது. பாம்பு நழுவி, அமிர்தலிங்கத்தின் பாதத்தின் மேல் ஏறி வேலிப்பக்கம் போயிற்று. அவர் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் முன்னைவிடப் பெரிதாக அலறிக்கொண்டு எழுந்தார்.

மலர்க்கொடி சுவரோரம் சாய்த்திருந்த ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தார். அமிர்தலிங்கம் பின்பக்கத்தைப் பிடித்தபடி குறுக்கே போய் நின்றார்.

"எரிச்சிடாதீங்க தங்கச்சி. நிஜ விலாங்கு ஒண்ணு எனக்குக் கிடைக்க வேணாமா?"

பெண்ணைக் கொடுத்த இடம். மலர்க்கொடியால் மறுக்க முடியவில்லை. ஊத்தாவைக் கணவர் கையில் திணித்தார். "அண்ணனுக்கு விலாங்கு கிடைக்கிற வரைக்கும்தான். அன்னைக்கே இது அடுப்புக்கு."

மறுநாள் வீரமணி குளத்தில் குத்தினார். உள்ளே முட்டியது. கையை விட்டார். வழவழவென்று நீளமாக, கை தடிமனுக்கு இருந்தது. கைக்குத்தான் கண் உண்டே, சந்தேகமே இல்லை.

சுற்றுமுற்றும் பார்த்தார். கரையில் ஒருவரும் இல்லை.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டு, ஊத்தாவைத் தூக்கி அதற்கு வழி விட்டார்.