வண்டி சொன்ன லோடு

என் பழைய டீசல் லாரியில் கியர் விழுவதே பெரும்பாடாகிவிட்டது. வளவனூரிலிருந்து மெல்ல ஓட்டிப் போய், திண்டிவனத்தில் பழைய உதிரிபாகக் கடை நடத்தும் பெண்மணியிடம் மாற்று கியர்பாக்ஸ் கேட்டேன்.

“எவ்ளோ லோடுண்ணா ஏத்துவீங்க?”

“பத்து டன்தாம்மா” என்றேன், கூசாமல். கரும்பு சீசனில் பதினாறு ஏற்றுவேன்.

அவர் குனிந்து பின்சக்கரத்துக்கு மேலே பார்த்தார். அதிக பாரம் தாங்க நான் கூடுதலாகப் போட்டிருந்த இரண்டு ஸ்பிரிங் பட்டைகள் தெரிந்தன.

“ரெண்டு பட்டை சேர்த்துக்கினு பத்துன்றீங்களே!” என்று சிரித்தார். “நீங்க சொல்ற லோடுக்கு இந்த கியர்பாக்ஸ் நல்லா உழைக்கும்ணா. வண்டி சொல்ற லோடுக்கு எதுவும் தாங்காது. எதுக்குத் தரட்டும்?”

முகம் சுட்டது. “நான் சொன்னதுக்கே குடும்மா.”

பட்டைகளை அங்கேயே கழற்றினேன். இப்போது கியர் வெண்ணெயாக விழுகிறது. அன்று சொன்ன பொய்யை மெய்யாக்க, தினம் ஒரு நடை கூடுதலாக ஓட்டுகிறேன்.