கஞ்சி போட்ட கட்டுத்துணி

எங்கள் சாரண ஆசிரியரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. மௌத்தாகி மண்ணுக்குள் போன மனிதரைப் பற்றி இப்படியெல்லாம் எழுதலாமா என்று என் மனைவி கேட்கிறாள். எழுதத்தான் போகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குப் பதினாலு வயது. கல்முனையிலிருந்து முப்பது பேர் கோமாரிக்குச் சாரணர் பாசறை போனோம். எங்களோடு முதலுதவிப் பெட்டி ஒன்றும் வந்தது. சாரண ஆசிரியர், எங்கள் சேர், அதைப் பெற்ற பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் இருந்தார். உள்ளே மருதமுனைத் தறித் துணியில் வெட்டிய முக்கோணக் கட்டுத்துணிகள். ஒவ்வொன்றுக்கும் கஞ்சி போட்டு, ஸ்திரி பிடித்து, அப்பளம் போல விறைக்க வைத்திருந்தார். இரண்டாம் நாள் மாவட்டத்துப் பெரியவர் பார்வையிட வருவார். ஆக நேர்த்தியான பெட்டிக்குப் பரிசு உண்டு. அந்தப் பரிசில்தான் சேருக்குக் கண்.

முதல் நாள் பின்னேரம் கடலோரக் களப்பு நீரில் குளிக்கும்போது திருக்கை மீனை மிதித்துவிட்டேன். அதன் முள் இடது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில் ஏறியது. உயிர் போகிற வலி. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்து, பொறுக்கக்கூடிய சூட்டில் சுடுநீருக்குள் காலை வைக்கச் சொன்னார். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் சொன்னார். சேர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மீன் பிடிக்கிறவர் வைத்தியம் கதைக்க வேண்டாம் என்றார். விஷம் ஏறக்கூடாதாம், கூடாரக் கயிற்றில் ஒரு புரியைப் பிரித்து இரண்டு விரல்களையும் சேர்த்து இறுக்கினார். இரத்தம் வழிந்தது. என் கூட்டாளி ஒருவன் பெட்டியைத் திறக்கப் போனான்.

“அதுல கை வைக்காத. நாளைக்குப் பெரியவர் வந்து பாக்கிற பொட்டி” என்றார் சேர்.

யாரோ உடுத்த பழைய சாரன் ஒன்றைக் கிழித்துத்தான் என் காலில் சுற்றினார்கள். மறுநாள் பகல்வரை அந்தக் கயிற்றை ஒருவரும் அவிழ்க்கவில்லை. விரல்கள் மரத்து வலி குறைந்தபோது, விஷம் இறங்கிவிட்டது என்று சேர் சந்தோஷப்பட்டார். பெரியவர் வந்தார். கூடாரத்துக்குள் படுத்திருப்பது யார் என்று விசாரித்தார். பிள்ளைக்குச் சாடையான காய்ச்சல் என்று சேர் வாய் கூசாமல் சொன்னார். முதற்பரிசு எங்களுக்கே. வெளியே கைதட்டல் கேட்டது. உள்ளே என் விரல்கள் கறுத்துக் கிடந்தன. பிறகு ஆஸ்பத்திரியில் இரண்டையும் வெட்டி எடுத்தார்கள். சேர் வீட்டுக்கு வந்து, எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று வாப்பாவுக்கு ஆறுதல் சொல்லி, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார்.

கறுவிக்கொண்டுதான் முதலுதவி படித்தேன். சேவை மனப்பான்மை என்று நான் மேடைகளில் சொன்னதெல்லாம் பொய். எண்பதுகளின் பிற்பகுதியில் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது; முதலுதவி வகுப்பும் எடுத்தேன். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகிற ஆசிரியர்கள் முதலுதவிச் சோதனையில் சித்தியடைய வேண்டும் என்று அப்போது எங்கள் பக்கத்தில் ஓர் ஒழுங்கு வந்தது. சோதிக்கிற கதிரையில் என்னை இருத்தினார்கள்.

ஒருநாள் அவர் வந்தார். தலை நரைத்திருந்தது. என்னை யாரென்று அவருக்கு மட்டுக்கட்டத் தெரியவில்லை. அடுத்த கிழமை பாசறை, பிள்ளைகள் ஆசையோடு இருக்கிறார்கள், சித்தியடையாவிட்டால் போக முடியாது என்று பணிவாகச் சொன்னார். நான் சப்பாத்தைக் கழற்றி இடது காலை அவர் முன்னால் நீட்டினேன். திருக்கை குத்திய கால், என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என்னை இனங்கண்டுகொண்டார். ஆனாலும் எல்லாம் சரியாகச் சொன்னார்: சுடுநீர், கழுவுதல், இறுக்காத கட்டு, தாமதியாமல் ஆஸ்பத்திரி. கட்டையும் சுத்தமாகப் போட்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் என் ஆத்திரத்தைக் கூட்டியது. இவ்வளவும் படிக்க இவருக்கு என் இரண்டு விரல்கள் தேவைப்பட்டனவா?

தாளில் சித்தியில்லை என்று எழுதி நீட்டினேன்.

“நான் என்ன பிழை விட்டன் தம்பி?” என்று கேட்டார்.

“பிழை ஒண்டும் இல்ல சேர்” என்றேன்.

அந்தப் பாசறை நடக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அவர் மறுபடியும் சோதனைக்கு வந்தார். சோதிக்கிற கதிரையில் அன்றும் நான்தான் இருந்தேன்.